சப் மீட்டர்

எர்ணாவூரில் மூன்றாம் மாடி என்று சொல்லிக்கொள்கிறோம்.
மொட்டைமாடியில் கல்நார் ஷீட் போட்ட ஒற்றை அறை அது.
கதவுக்கு மேலே எங்கள் சப் மீட்டர்.
சிவப்பாக ஒரு பொட்டு
கண்சிமிட்டிக் கண்சிமிட்டிக் காசு எண்ணும்.

யூனிட் ஒன்பது ரூபாய்.
அரசாங்கம் தருகிற நூறு யூனிட்
கீழே மெயின் மீட்டரோடு நின்றுவிடும்.
படியேறி வந்ததில்லை ஒருநாளும்.

தேசப்பன் வேலை பார்ப்பது அனல்மின் நிலையத்தில்,
கான்ட்ராக்ட் ஆள், சாம்பல் பிரிவு.
கரண்டு பிறக்கிற இடத்திலிருந்து வருகிறவன்
வந்ததும் முதலில்
ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்கு வைப்பான்.

கேஸ் விலை ஏறிய மாசம்
தவணையில் ஓர் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன்.
புகையில்லை, பாத்திரத்தில் கரியில்லை.
இருபத்து மூன்று நாள் சமைத்தேன்.
மோசஸ் அண்ணன் மீட்டரைப் போனில் படம் எடுத்து
எனக்கே அனுப்பினார்.
கீழே ஒரு கும்பிடும் போட்டிருந்தார்.
அன்றிலிருந்து அதன்மேல் அரிசி டப்பா உட்கார்ந்திருக்கிறது.
டப்பாவைத் தூக்கினால்
அடுப்பில் என் மூஞ்சி தெரியும்.

ஆடியில் சோலார் வந்தது.
என் துணிக்கொடியை அறுத்துவிட்டு
எங்கள் கூரைக்கும் மேலே இரும்புக் கால் ஊன்றி
எட்டுத் தகடு, தெற்குப் பார்த்து.
"எங்களுக்கு ரேட்டு குறையுமாண்ணா?"
"அது வேற லைன்மா."
எது வேற லைன்?
ஒயர் ஒன்றுதான், வெயில் ஒன்றுதான்.
அவர் ஏசியின் வெளிப்பெட்டி
மூச்சு விடுவதும் என் சுவர்மேல்தான்.

பத்தே நாளில் கரண்டு குறைந்துவிட்டதாம்.
போனில் கோடு இறங்குவதைக் காட்டினார்.
ஏறிப் பார்த்தேன்.
தகடு முழுக்க விபூதி பூசினாற்போல் சாம்பல்.
வடக்கே புகைக்கூண்டு
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நின்றுகொண்டிருந்தது.
தேசப்பன் சிரித்தான்:
"ஆத்துல எறா மேல வுழுந்தப்ப எவனும் கேக்கல.
தகடு மேல வுழுந்ததும் பதறுறாரு பாரு."

இப்போது அந்த வேலை என்னுடையது.
தகடு சுடத் தொடங்குமுன்
பழைய பனியன் துணி, அரை வாளித் தண்ணீர்.
வாடகையில் இருநூறு கழித்துக்கொள்கிறார்.
மேல் வரிசைக்கு மகள் யாழினிதான் ஏறுவாள்.
துடைப்பதற்கு முன்
சாம்பலில் விரலால் ஒன்பதாம் வாய்ப்பாடு எழுதுவாள்.
எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் அத்துப்படி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
மத்தியானம் ஷீட் கொதித்தால்
பல்லிகூடத் தரைக்கு இறங்கிவிடுகிற அறை இது.
இப்போது கூரைக்கு நிழல்.
இரண்டு மணிக்கு ஃபேன் இல்லாமல் கண் அயர்கிறது.
போன ரெண்டு மாசக் கணக்கில்
நூற்று நாற்பத்தொன்று, நூற்றுப் பன்னிரண்டு ஆயிருந்தது.
ஒன்பதால் பெருக்கி
"ஆயிரத்தெட்டும்மா" என்றாள் யாழினி.
ஆயிரத்தெட்டுத்தான்.
நிழல் மட்டும் சப் மீட்டர் வழியாக வருவதில்லை.
மோசஸ் அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை.
நிழலுக்கும் ரேட்டு போட்டுவிடுவார்.

பழைய யூனிட்டை மூடப்போவதாகப் பேச்சு.
மூடினால் தகடு தானாகச் சுத்தமாயிருக்கும்.
எனக்கு இருநூறு போகும்.
அவனுக்குச் சம்பளம் போகும்.
நேற்று இருட்டில் கேட்டான்:
"இந்தத் தகடு மாட்டுறவங்களுக்கு
என்னா கூலி தராங்கன்னு கேட்டியா?"
கேட்கவில்லை.
வந்தவன் இருபது வயசுப் பையன், தமிழ் தெரியாது.
கயிறில்லாமல் ஏறினான்.
இறங்கி வந்து சைகையில் தண்ணீர் கேட்டான்,
ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடித்தான்.

துடைத்த தண்ணீர் வாளியில் தெளியக் காத்திருக்கிறேன்.
லாரி நாளை மறுநாள்தான் வரும்.
மேலே தெளிந்ததை வடித்து
நாளைக்குத் தகட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.
அடியில் தங்குவதைத்தான்
எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.